சியோனிக் காட்டில் யார் பேசினார்கள்?

மத்தியப் பிரதேசத்தின் தென்பகுதியில், சாத்பூரா மலைத்தொடரின் சரிவுகளிலே தேக்கும் மூங்கிலும் இலுப்பை இனத்து மகுவா மரங்களும் செழித்து நிற்க, வைன்கங்கை நதி தன் பிறப்பிடத்திலிருந்து வளைந்து வளைந்து புறப்படுகின்ற சியோனி ஜில்லாவை, அங்கே ஒருநாளும் கால்வைத்தறியாத கோடிக்கணக்கான ஜனங்கள் தங்கள் பால்ய வயதிலேயே மனத்துக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ரட்யார்ட் கிப்ளிங் 1894-லும் 1895-லும் வெளியிட்ட இரண்டு ‘ஜங்கிள் புக்’ தொகுதிகள் அந்தக் காட்டை உலகத்தின் புத்தக அலமாரிகளில் கொண்டுபோய் வைத்தன. 1967 அக்டோபர் 18-ஆம் தேதி வெளிவந்த வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் சித்திரப் படமோ, எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அதை எட்டச் செய்தது. ஜெர்மனி தேசத்தில் மட்டும் அந்தப் படத்துக்கு இரண்டு கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன என்றால், அதன் பரப்பை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

சித்திரத்தில் எழுதப்பட்ட பிராணிக்கு இயற்கையில் தேசமும் ஜாதியும் கிடையா. கரடியை வரைகிற கலைஞர் கரடியைத்தான் வரைகிறார். ஆனால் அந்தக் கரடி வாய் திறந்து பேசத் தொடங்கிய கணத்திலேயே, அது எந்த ஊரைச் சேர்ந்தது, எந்த வகுப்பில் பிறந்தது, யாரை அண்டிப் பிழைப்பது, யாரை அதிகாரம் செய்வது என்பவையெல்லாம் கேட்பவர் காதில் விழுந்துவிடுகின்றன. ஆகையால், மிருகங்களைப் பாத்திரங்களாகக் கொண்ட ஒரு படத்தில் எந்த மக்களுக்கு இடம் கிடைத்தது, எந்த மக்கள் விடுபட்டுப் போனார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் கண்ணைவிடக் காதையே அதிகமாக நம்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சியோனிக் காட்டின் சரித்திரத்தையும், அக்காடு திரைக்கு ஏறிய சரித்திரத்தையும், அங்கே யார் யாருடைய குரல் கேட்டது என்ற ஒரே வினாவைக் கைப்பிடியாகக் கொண்டு இங்கே சொல்ல முயல்கிறேன்.

கிப்ளிங் 1865-இல் பம்பாயில் பிறந்தவர்; இளமையில் லாகூரிலும் அலகாபாத்திலும் பத்திரிகைத் தொழில் செய்தவர். ஆயினும் சியோனியை நேரில் கண்டு எழுதினாரல்லர் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. அவருக்கு உதவியவை நூல்கள்: ராபர்ட் ஆர்மிட்டேஜ் ஸ்டெர்ன்டேல் என்ற ஆங்கிலேயர் 1877-இல் எழுதிய, சாத்பூராக் காட்டு முகாம் வாழ்க்கையை விவரிக்கும் நூல் ஒன்று, ஓநாய்கள் மனிதக் குழந்தைகளை வளர்த்ததாகச் சொல்லப்பட்ட செய்திகளைத் திரட்டிக் கர்னல் ஸ்லீமன் வெளியிட்ட சிறு பிரசுரம் மற்றொன்று, தம் தகப்பனார் ஜான் லாக்வுட் கிப்ளிங் இந்திய மிருகங்களையும் மனிதர்களையும் பற்றி எழுதிய நூல் வேறொன்று. இவற்றையெல்லாம் மனத்தில் இருத்திக்கொண்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில், வீட்டுக்கு வெளியே பனி குவிந்து கிடந்த குளிர்காலத்தில், அவர் அந்த வெப்பக் காட்டைத் தம் எழுத்தில் உண்டாக்கினார். கண்ணால் காணாத இடத்தை இத்தனை உயிர்ப்புடன் படைத்தது பெரிய கவித்திறம் என்பதில் ஐயமில்லை. எனினும், காட்டைக் காணாதவர் காட்டு ஜனங்களையும் காணாதவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த ஜனங்கள் யார்? சியோனியும் அதன் அயலிலுள்ள மண்டலா, சிந்துவாரா, பாலாகாட் ஜில்லாக்களும் கோண்டு மக்களின் தாயகம். பைகர் முதலான வேறு வனவாசிகளும் அங்கே உண்டு. கோண்டுகளைக் காட்டில் அலையும் கூட்டம் என்று மட்டும் நினைப்பவர்களுக்குச் சரித்திரம் வேறு செய்தி சொல்கிறது. கட்ஹா-மண்டலா, தேவகட், சாந்தா என்று பெயர்பெற்ற கோண்டு அரசுகள் பல தலைமுறைகள் அப்பிரதேசத்தை ஆண்டன. 1564-இல் அக்பரது சேனையை எதிர்த்துப் போர்க்களத்தில் உயிர் துறந்த ராணி துர்காவதி ஆண்டது கட்ஹா-மண்டலாவை. நாகபுரி என்ற மாநகரத்துக்கு அடிகோலியவன் தேவகட் கோண்டு அரசனாகிய பக்த புலந்த் ஷா. இவர்களுடைய கோண்டி மொழி நம்முடைய தமிழுக்கு உறவான திராவிட மொழிகளில் ஒன்று. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். அதாவது, கிப்ளிங்கின் கதையில் மௌக்லி என்னும் சிறுவன் ஓநாய்களிடம் வளர்ந்த காட்டில் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவந்த மனிதப் பேச்சு, தெலுங்குக்கும் தமிழுக்கும் இனமான ஒரு பேச்சு.

கிப்ளிங் எழுதுவதற்கு முன்பே அந்தப் பேச்சைக் காட்டைவிட்டு வெளியேற்றும் காரியம் தொடங்கிவிட்டது. 1864-இல் ஆங்கில அரசாங்கம் ஜெர்மானிய விஞ்ஞானியான டீட்ரிக் பிராண்டிஸின் தலைமையில் வன இலாகாவை ஏற்படுத்திற்று. 1878-ஆம் வருஷத்து வனச் சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகள் என்று எல்லை கட்டி, ரயில் பாதைக்கு வேண்டிய மரத்தின் பொருட்டு அவற்றைப் பாதுகாத்தது. காட்டை எரித்துச் சாம்பலில் விதைக்கும் பூர்வீக விவசாயம் குற்றமாயிற்று. விறகும் மகுவாப் பூவும் அனுமதிச் சீட்டின் பேரிலேயே கிடைக்கலாயின. மௌக்லி முதன்முதலாகத் தோன்றியது ஜங்கிள் புக்கில் அன்று; அதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த ஒரு சிறுகதையில், வளர்ந்த வாலிபனாக, வன இலாகாவின் காவல் ஊழியத்தை ஏற்றுக்கொண்டு சம்பளமும் பென்ஷனும் பெறத் தகுந்தவனாக அவன் காட்சி தருகிறான். காட்டின் பிள்ளை காட்டைக் கைக்கொண்ட அரசாங்கத்தின் சேவகனாவதைத்தான் அவனுக்கு உயர்ந்த கதியாகக் கிப்ளிங் கண்டார். அக்காலத்து ஆட்சியாளர் மனப்பான்மையை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் ஜங்கிள் புக்கில் ஓர் இடம் உண்டு; நூல் முழுவதிலும் என் மனத்தைவிட்டு அகலாத இடம் அதுவே. தன்னை வெளியேற்றிய கிராமத்தின்மேல் மௌக்லி வன்மம் கொண்டு, ஹாத்தி என்னும் யானையையும் அதன் பிள்ளைகளையும் ஏவிப் பயிரையும் தானியத்தையும் நாசமாக்குகிறான். தெய்வக் கோபமோ என்று கலங்கிய கிராமத்தார், அருகே திரியும் கோண்டுகளின் தலைவனை அழைத்து என்ன செய்வதென்று கேட்கிறார்கள். அந்த மனிதனைப் பாரத தேசத்தின் மிகப் பழைய குடிகளின் வழித்தோன்றல், அந்நிலத்தின் பூர்வ உரிமையாளர் வம்சத்தவன் என்று கிப்ளிங் மரியாதையுடன் அறிமுகம் செய்கிறார். ஆனால் அவனோ பேசவில்லை. காட்டுப் பாகற்கொடியை எடுத்துக் கோயில் வாசலுக்குக் குறுக்கே பின்னிவிட்டு, ஊரைவிட்டுப் போகும் பாதையைக் கையால் காட்டிவிட்டுத் தன் வனத்துக்குத் திரும்பிவிடுகிறான். ஓநாய் பேசுகிறது, பாம்பு பேசுகிறது, வௌவால் பேசுகிறது. நிலத்துக்கு உரியவன் மட்டும் சைகை காட்டுகிறான். கதைக்கு அந்த மௌனம் கம்பீரத்தைத் தருகிறது என்பது உண்மையே. ஆயினும் பின்னால் நூறு வருஷத்துக்கு மேலாக நிகழ்ந்ததன் தொடக்கம் அந்த மௌனத்திலேயே இருக்கிறது.

மௌக்லி முதலில் திரைக்கு வந்தபோது அவனுக்கு இந்திய உடம்பும் இந்தியக் குரலும் கிடைத்தன. மைசூர் சமஸ்தானத்துக் காராப்பூரில், மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் வேலை செய்த ஒரு பாகனின் மகன் சாபு. 1924-இல் பிறந்த அந்தச் சிறுவனை, கிப்ளிங்கின் யானைக் கதையைப் படமாக்க வந்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் குழுவினர் கண்டெடுத்து, 1937-இல் வெளியான ‘எலிஃபண்ட் பாய்’ படத்தில் நடிக்க வைத்தார்கள். யானையின் முதுகில் ஏறி அமர்வதும், அதன் காதோரம் பேசுவதும் அவனுக்கு நடிப்பன்று, குலத்தொழில். ஐந்து வருஷம் கழித்து, 1942-இல், கோர்டா சகோதரர்கள் கலிபோர்னியாவில் எடுத்த ‘ஜங்கிள் புக்’ படத்தில் சாபுவே மௌக்லியானார். அப்படத்திலும் மற்ற இந்தியப் பாத்திரங்கள் பலவற்றை வெள்ளையர்களே முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு ஏற்றார்கள்; வேட்டைக்காரன் புல்தேவனாக நடித்தவர் மால்ட்டா தீவுக்காரர். இருந்தும், கதையின் நடுநாயகனாக நின்றவர் நம் தேசத்துப் பாகன் மகன். பின்னர் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து யுத்தத்தில் வீரப் பதக்கம் பெற்ற அவருக்கு, வயதான பிறகு ஹாலிவுட் தகுந்த பாத்திரம் எதையும் கொடுக்கவில்லை. 1963 டிசம்பரில், முப்பத்தொன்பதாம் வயதில், கலிபோர்னியாவிலேயே அவர் காலமானார். அதே கலிபோர்னியாவில் அப்போது டிஸ்னியின் சித்திரக்காரர்கள் புதிய மௌக்லியைத் தீட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தச் சித்திரத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. பில் பீட் என்ற கதைக் கலைஞர் முதலில் எழுதிய வடிவம் கிப்ளிங்கின் இருண்ட, ஆழமான சுபாவத்தை ஓரளவு காப்பாற்றியிருந்தது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போகும்படியான படம் அவருக்கு வேண்டியிருந்தது. இருவருக்கும் மனஸ்தாபம் மூண்டு, 1964-இல் பீட் நிறுவனத்தை விட்டு விலகினார். புதிதாக எழுத வந்த லாரி க்ளெம்மன்ஸிடம் மூல நூலைக் கொடுத்து, இதைப் படிக்காதே என்று டிஸ்னி சொன்னதாக அவரோடு பணிபுரிந்தவர்கள் வெகுகாலம் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வுல்ஃப்காங் ரைதர்மன் இயக்கிய இந்தப் படம் வெளிவருவதற்கு முன், 1966 டிசம்பர் 15-ஆம் தேதி டிஸ்னி இறந்துபோனார். பெண் யானைக்குக் குரல் கொடுத்த வெர்னா ஃபெல்டன் என்னும் மூதாட்டியார் அதற்கு முந்திய நாள்தான் காலமாகியிருந்தார்.

புத்தகத்தை ஒதுக்கி வைத்தபின் பாத்திரங்களுக்கு அச்சாக எதைக் கொள்வது? குரல்களைக் கொண்டார்கள். சிறு வேடமாக இருந்த பாலு என்னும் கரடி, ஃபில் ஹாரிஸ் என்ற வானொலி நகைச்சுவை நடிகர் ஒலிப்பதிவு அறைக்குள் வந்து தம் சொந்தப் பாணியில் பேசியதும், படத்தின் உயிர்நாடியாக வளர்ந்துவிட்டது. கிப்ளிங்கின் பாலு காட்டின் சட்டத்தைக் குட்டிகளுக்கு ஓதுவிக்கும் கண்டிப்பான உபாத்தியாயர். டிஸ்னியின் பாலு கவலையற்ற அமெரிக்க உல்லாசி. ஷேர்கான் என்னும் புலிக்கு, ஆங்கிலச் சீமான்களின் அலட்சிய உச்சரிப்பில் தேர்ந்த ஜார்ஜ் சாண்டர்ஸின் குரல். மில்ட் காஹல் அந்தப் புலியை வரைகையில் நடிகரது முகபாவத்தையும் சேர்த்தே வரைந்தார். கருஞ்சிறுத்தையான பகீரா லண்டனில் பிறந்த செபாஸ்டியன் கேபட்டின் குரலில் நல்லொழுக்கம் போதிக்கிறது. கழுகுகள் நான்கும் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து பீட்டில்ஸ் பாடகர்களின் தலைமயிருடனும் பேச்சுச் சாயலுடனும் வந்து நிற்கின்றன. மௌக்லிக்குக் குரல் கொடுத்தவன் இயக்குநரின் மகனான புரூஸ் ரைதர்மன். முதலில் பேசிய பையனுக்கு வயதின் காரணமாகக் குரல் உடைந்துவிட்டபடியால் இவன் அமர்த்தப்பட்டான்.

ஹாத்தியின் கதியை எண்ணும்போது எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டாகிறது. மூல நூலில் ஹாத்தி காட்டின் மூத்த பிராணி. உலகம் எவ்வாறு உண்டாயிற்று, புலியின் உடம்பில் வரிகள் எவ்வாறு வந்தன என்ற புராணங்களை வறட்சிக் காலத்து இரவில் மற்ற மிருகங்களுக்குச் சொல்லும் பௌராணிகர். திரையிலோ, ஒரு மகாராஜாவின் யானைப் படையில் தாம் உத்தியோகம் பார்த்ததையும், விக்டோரியா சிலுவை வாங்கியதையும் ஓயாமல் பேசித் திரியும் ஓய்வுபெற்ற ஆங்கிலக் கர்னலாக அவரை ஆக்கிவிட்டார்கள். ஆங்கில ராணுவத்தைக் கேலி செய்வதே அவர்கள் நோக்கம், இந்தியரைப் பழிப்பதன்று. ஆனால் ஓர் இந்திய யானையின் வாய்க்குள் ஆங்கிலத் துரையை வைத்ததனால், அந்த நிலத்தின் பழங்கதைகளைச் சொல்லத் தகுந்த ஒரே பிராணி ஊமையாகிவிட்டது. பெண்களின் நிலையும் இத்தகையதே. ஷேர்கானை நேருக்கு நேர் நின்று எதிர்த்து, இந்தக் குழந்தை என்னுடையது என்று சீறுகின்ற ரக்ஷா என்னும் தாய் ஓநாய், கிப்ளிங் படைத்த உயர்ந்த பாத்திரங்களில் ஒன்று. படத்தில் ஏறக்குறையப் பேச்சற்று வந்து போகிறது. காட்டு யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானையே என்பது இயற்கை. படத்தில் கர்னலின் மனைவிக்கு வரிசையின் கடைசியில் இடம். கடைசிக் காட்சியில் குடம் எடுத்துத் தண்ணீர் மொள்ள வரும் பெண்ணே படத்தின் ஒரே இந்தியப் பெண். தான் தாயானபின் தன் மகளைத் தண்ணீருக்கு அனுப்பி, தான் வீட்டில் சமைக்கப் போவதாக அவள் பாடுகிறாள். அந்தப் பாட்டைப் பாடியவரும் ஓர் அமெரிக்கச் சிறுமியே.

எல்லாவற்றிலும் அதிக விவாதத்துக்கு இடமானது குரங்கரசன் லூயியின் பாத்திரம். கிப்ளிங்கின் குரங்குகளுக்கு அரசனே கிடையாது. தலைவனும் சட்டமும் இல்லாமையே அவற்றின் குற்றம் என்று அவர் எழுதினார். அதிலேயே, சுயராஜ்யம் கேட்கத் தொடங்கியிருந்த படித்த இந்தியர் மீது ஆளும் இனத்தார்க்கு இருந்த இளப்பம் தொனிக்கிறது என்று கொள்ளும் விமர்சகர் உண்டு. டிஸ்னி கலைஞர்கள் அக்குரங்குகளுக்கு ஓர் ஓராங்குட்டானை அரசனாக முடிசூட்டினார்கள். ஓராங்குட்டான் போர்னியோவிலும் சுமத்திராவிலும் வாழும் பிராணி. கருமுக மந்தியும் செம்முகக் குரங்கும் திரியும் சியோனியில் அதற்கு வேலையே இல்லை. அந்த அரசன் பாடுவது கறுப்பின மக்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வளர்த்தெடுத்த ஜாஸ் சங்கீதம். அவன் பாட்டின் பொருளோ, மனிதனைப்போல் ஆக வேண்டும், அதற்கு நெருப்பின் ரகசியம் வேண்டும் என்பது. வெள்ளையர் பலர் கறுப்பரைக் குரங்கோடு ஒப்பிட்டு அவமானப்படுத்திய தேசத்தில், ஜாஸ் பாடும் குரங்கு மனிதனாக ஏங்குவதைக் கேட்டவர்களுக்கு வேறு நினைவு எப்படி எழாதிருக்கும்?

படத்தை ஆக்கினவர்களுக்கே அந்த நினைவு எழுந்திருக்கிறது. பாட்டெழுதிய ஷெர்மன் சகோதரர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ஷெர்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறபடி, அந்த வேடத்துக்கு முதலில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மகா வித்வானையே கருதினார்கள். ஒரு கறுப்பரைக் குரங்குக்குக் குரல் கொடுக்கச் சொன்னால் கறுப்பர் உரிமைச் சங்கத்தார் கண்டனம் செய்வார்கள் என்று ஒருவர் எச்சரிக்கவே, அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் லூயி பிரைமா. அவரும் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர்தாம். சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தவர். ஜாஸில் பெரிய தேர்ச்சி உடையவர். லாஸ் வேகஸில் அவர் தம் வாத்தியக்காரர்களோடு மேடையைச் சுற்றி ஆடிப் பாடிய வேடிக்கையைச் சித்திரக்காரர்கள் படத்தில் உயிரோடு இறக்கிவைத்தார்கள். அவருடைய திறமையைப்பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. படத்தில் அதைவிட உற்சாகமான பகுதி வேறில்லை. ஆனால் நிகழ்ந்ததென்ன? அவமானத்துக்கு இடமான உருவமும் நிலைத்தது, சங்கீதமும் நிலைத்தது, அந்தச் சங்கீதத்துக்கு உரிய மக்களில் ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேலையும் கீர்த்தியும் மட்டும் போயின. பாத்திரத்தை மாற்றியமைப்பதற்குப் பதிலாக நடிகரை மாற்றியது, மனச்சாட்சியின் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. பயத்தின் காரியமாகத்தான் தோன்றுகிறது. அந்த 1967-ஆம் வருஷம் எத்தகையது என்பதையும் நோக்க வேண்டும்: ஜூன் மாதத்தில் கலப்பு மணத்தைத் தடுத்த சட்டங்கள் செல்லாவென்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஜூலையில் நெவார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் தெருக்கள் பற்றியெரிந்தன, அக்டோபர் 2-ஆம் தேதி தர்குட் மார்ஷல் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகப் பிரமாணம் செய்துகொண்டார். பதினாறு நாட்களுக்குப்பின் லூயி அரசன் திரையில் ஆடினான்.

இந்தியக் குரல் ஒன்றுகூட அப்படத்தில் கேளாமற்போனதற்கு வன்மம் காரணமன்று. சட்டமும் பழக்கமும் காரணம். 1917-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியர் அமெரிக்காவில் குடியேறுவதை அடியோடு தடுத்தது. 1946-இல் அந்தத் தடை தளர்ந்தபோதும், வருஷத்துக்கு 100 பேர் என்ற எண்ணிக்கைக்குமேல் யாரும் வரக்கூடாதென்று வரையறுத்தார்கள். 1965-இல் நிறைவேறிய புதிய சட்டத்தின் பலன் தெரியத் தொடங்குமுன்பே இந்தப் படத்தின் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஆகவே, கதவைச் சாத்திவைத்த வீட்டுக்குள், அங்கே ஏற்கெனவே இருந்தவர்களைக் கொண்டே இந்தியக் காட்டை நடித்துக் காட்டினார்கள். இருந்தும் தேட மனமிருந்தால் கிடைத்திருக்கும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை: அதே 1967-இல், அதே லாஸ் ஏஞ்சல்ஸில், பண்டிட் ரவிசங்கர் கின்னரா என்னும் சங்கீதப் பள்ளியை நடத்தினார், அதே கோடையில் கலிபோர்னியாவின் மான்டெரே விழாவில் ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர் அவருடைய சிதாரைக் கேட்டு எழுந்து நின்றார்கள்.

காலம் செல்லச் செல்ல, டிஸ்னி நிறுவனத்தாருக்கே தங்கள் பழைய படங்களைப்பற்றி உறுத்தல் உண்டாயிற்று. 2019-இல் தொடங்கிய தங்கள் இணையத் திரைச் சேவையில், ‘டம்போ’ முதலான படங்களுக்கு இட்டதுபோலவே இந்தப் படத்துக்கும் முன்னெச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் அக்குறிப்பு இன்னும் விரிவாயிற்று. படத்தை வெட்டாமலும் மறைக்காமலும் குறிப்பை மட்டும் இட்டது சரியான வழி என்றே நான் எண்ணுகிறேன். 2016-இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கத்தில் அதே கதை மறுபடியும் எடுக்கப்பட்டபோது, நியூயார்க்கில் வளர்ந்த இந்திய வம்சத்துச் சிறுவன் நீல் சேத்தி மௌக்லியானான்; கிருஷ்ண பண்டிட் பான்ஜி என்ற இயற்பெயருடைய பென் கிங்ஸ்லி பகீராவுக்குக் குரல் கொடுத்தார்; ரக்ஷாவுக்குக் கென்ய நாட்டு வம்சத்தவரான லுபிட்டா நியோங்கோவின் குரலும், அதோடு இழந்த வீறில் ஒரு பங்கும் திரும்பக் கிடைத்தன. லூயியை, முன்னொரு யுகத்தில் ஆசியாவில் வாழ்ந்து மறைந்த பேருருவக் குரங்காக மாற்றினார்கள். அந்தப் படம் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முந்தியே, ஏப்ரல் 8-ஆம் தேதி, இந்தியாவில் வெளியாயிற்று. ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளிலும் மிருகங்கள் பேசின. இந்திப் பதிப்பில் பாலுவாக இர்ஃபான் கானும், பகீராவாக ஓம் பூரியும், ஷேர்கானாக நானா படேக்கரும் பேசக் கேட்டபோது, அந்தக் காடு நெடுநாள் வெளியூரில் இருந்து வீடு திரும்பியது போலிருந்தது பலருக்கு. பழைய படத்தைப் பார்க்கையில் ஒரு நாளும் தோன்றாத உணர்ச்சி அது.

ஆனாலும் கோண்டுகளின் முறை அங்கேயும் வரவில்லை. அது வேறு வழியாக வந்தது.

கோண்டு சமூகத்தில் பர்தான்கள் என்றொரு பிரிவினர் உண்டு. அவர்கள் பரம்பரைப் பாணர். சாஜா மரத்தடியில் பானா என்னும் நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பெரிய தேவரைத் துயிலெழுப்புவதும், கோண்டு அரசர்களின் வம்சாவளியைப் பாடி வீட்டுக்கு வீடு தானியம் பெறுவதும் அவர்கள் தொழில். பாடக் கேட்பவர்கள் வறுமையுற்றதும் பாணர்களும் வறியரானார்கள். வெரியர் எல்வின் என்ற அறிஞர் வசித்த பாட்டன்கட் என்னும் ஊரில் பிறந்த ஜங்கட் சிங் ஷ்யாம் என்ற பர்தான் இளைஞர் வீட்டுச் சுவரில் தீட்டிய சித்திரங்களைக் கண்டு, போபாலில் பாரத் பவன் கலைக்கூடத்தை அமைத்துக்கொண்டிருந்தவரும் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஓவியருமான ஜெ. சுவாமிநாதன் அவரை நகரத்துக்கு வரவழைத்தார். பாட்டாக இருந்தது புள்ளியும் கோடுமாகத் தாளில் இறங்கிற்று: மானின் கொம்பு மரக்கிளையாய் வளர்வதும், பறவையின் வயிற்றில் மீன் நீந்துவதும், புலியின் உடம்பில் காடே அடங்கியிருப்பதும் உலகுக்குத் தெரிந்தன. 1989-இல் பாரிஸ் நகரத்துக் கண்காட்சியில் இடம்பெற்ற ஜங்கட், 2001-இல் ஜப்பானில் அகால மரணம் அடைந்தார். அவரிடம் தொழில் பழகிய உறவினர் பஜ்ஜு ஷ்யாம். இரவுக் காவலும் மின்சார வேலையும் செய்து வயிறு கழுவியவர்.

இந்தப் பஜ்ஜு ஷ்யாமை, லண்டனில் ஓர் இந்திய உணவு விடுதியின் சுவரில் சித்திரம் தீட்டுவதற்காக அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபின் தாம் கண்ட லண்டனைக் கோண்டுக் கண்ணால் வரைந்தார். ஆகாய விமானம் சிறகு முளைத்த யானை. பூமிக்கு அடியில் ஓடும் ரயில் மண்புழு. தம்மை நாள்தோறும் வேலைக்கு ஏற்றிச் சென்ற பஸ் நம்பகமான நாய். மாலை மங்கியதும் மதுக்கடையில் கூடும் ஆங்கிலேயர் வௌவால்கள். பிக் பென் கடிகாரம் நேரமறிந்து கூவும் சேவல். காணாத காட்டைக் கிப்ளிங் எழுதினார். கிப்ளிங்கின் தேசத்தைக் கண்ணால் கண்டு, அதற்குத் தம் காட்டு மிருகங்களின் உருவத்தைக் கொடுத்தார் இவர். இதில் பழி வாங்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை. அன்பும் வியப்பும் நிறைந்த பார்வை. பாகற்கொடியைப் பின்னிவிட்டுப் பேசாமல் போன மனிதனின் வம்சத்தார் பேசினால் எப்படிப் பேசுவார்கள் என்பதை அறிய எனக்குத் தெரிந்த நூல்களுள் இதுவே தலையாயது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

‘த லண்டன் ஜங்கிள் புக்’ என்ற அந்த நூலை 2004-இல் வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம். பாலுவின் ஆட்டத்தையும் லூயியின் பாட்டையும் பார்க்க வேண்டாமென்று குழந்தைகளைத் தடுக்க வேண்டியதில்லை. அவற்றின் கலைச் சிறப்பு அவர்களுக்கும் உரியதே. ஆனால் அந்தப் படத்தைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற தாய்மார்களும் தகப்பன்மார்களும், அதே வாரத்தில் இந்தப் புத்தகத்தையும் வாங்கி அவர்கள் மடியில் விரித்து வைக்க வேண்டும் என்றும், பள்ளிக்கூட நூல்நிலையங்கள் இரண்டையும் ஒரே அலமாரியில் சேர்த்து வைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.